சூவன் மொழிகளுக்குள் நுழைய: எதில் தொடங்கலாம், எந்த வரிசையில் போகலாம்

சூவன் மொழிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த மொழி? சூவன் என்ற பெயரில் யாரும் எதையும் பேசுவதில்லை. திராவிட மொழிக்குடும்பம் என்று நாம் சொல்கிறோமே, அது மாதிரி வட அமெரிக்கப் பழங்குடி மொழிகளின் ஒரு குடும்பத்துக்கு மொழியியலாளர்கள் வைத்த பெயர் அது. திராவிடம் கற்கப் போகிறேன் என்று ஒருவர் கிளம்பினால் தமிழா, தெலுங்கா, கோண்டியா என்றுதானே கேட்போம்? இங்கேயும் லகோட்டாவா, குரோவா, ஓசேஜா என்று முடிவு செய்யாமல் ஓர் அடிகூட நகர முடியாது. குடும்ப மரத்தையும் வரைபடத்தையும் மாதக்கணக்கில் பார்த்துவிட்டு, ஒரு மொழியில்கூட ஒரு வாக்கியத்தைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளாமலே விட்டுவிடுபவர்கள் நிறைய. அது நேராமல் இருக்கத்தான் கீழே உள்ள வரிசை.

1. முதலில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள்

அமெரிக்க வரைபடத்தை எடுத்து மிசூரி ஆற்றில் விரலை வையுங்கள். இந்தக் குடும்பத்தின் பெரும்பகுதி அந்த ஆற்றையும் அதன் கிளைகளையும் ஒட்டித்தான் இருக்கிறது. வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா, மின்னசோட்டா, நெப்ராஸ்கா என்ற பெயர்களே இந்த மொழிகளிலிருந்து வந்தவை. கான்சஸ், அயோவா, மிசூரி, ஆர்கன்சா ஆகியவை இந்தக் குடும்பத்து மக்களைக் குறித்த பெயர்கள். அதாவது உங்களுக்கு ஏற்கெனவே பாதி வரைபடம் தெரியும்.

மலைப்பக்கம், மொன்டானாவில் குரோ மக்கள். அவர்கள் தங்களை அப்சாலோகே என்பார்கள். குரோவுக்கு மிக நெருங்கிய மொழி ஹிடாட்சா, வடக்கு டகோட்டாவின் ஃபோர்ட் பெர்தோல்டு பகுதியில். அதே பகுதியில் மாண்டன், குடும்பத்துக்குள்ளேயே தனியாக நிற்கும் ஒரு மொழி. அப்புறம் நடுவில் பெரிய கிளை: லகோட்டா, டகோட்டா, அசினிபோயின், ஸ்டோனி ஒரு கொத்து. ஒமாஹா, பொன்கா, ஓசேஜ், கான்சா, குவாப்பா இன்னொரு கொத்து. அயோவா, ஓட்டோ, மிசூரியா மூன்றும் ஏறக்குறைய ஒரே மொழி. அதற்குப் பக்கத்தில் விஸ்கான்சினிலும் நெப்ராஸ்காவிலும் பேசப்பட்ட ஹோ-சங்க். ஸ்டோனியோ எல்லை தாண்டிக் கனடாவின் ஆல்பர்ட்டாவில், கால்கரி நகருக்கு மேற்கே ராக்கி மலையடிவாரம் வரைக்கும் போய்விட்டது.

இவர்களில் பலர் இன்று இருக்கும் இடம் அவர்கள் பழைய இடமல்ல என்பதையும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓசேஜ், கான்சா, குவாப்பா, பொன்கா, ஓட்டோ எல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் ஓக்லஹோமாவுக்குத் தள்ளப்பட்டவர்கள். இன்னும் பின்னால் போனால் இந்தக் குடும்பத்தின் வேரே கிழக்கே, ஓஹாயோ ஆற்றுப் பக்கம் இருந்திருக்கலாம் என்பது பல அறிஞர்களின் கருத்து. அதற்கான தடயம் சுவையானது, கடைசியில் வருகிறேன்.

'சூ' என்ற பெயரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. லகோட்டா, டகோட்டா மக்களை வெளியார் அழைத்த பெயர் அது. பல பழங்குடி அரசுகளின் சட்டப்பூர்வப் பெயரில் அது இன்றும் இருக்கிறது. ஆனாலும் மக்களைப் பற்றிப் பேசும்போது அவர்கள் சொல்லிக்கொள்ளும் பெயரையே பயன்படுத்துங்கள். இன்னொன்று: டகோட்டா, லகோட்டா, நகோட்டா என்று மூன்றாகப் பிரித்து யாங்க்டன் மக்களை நகோட்டா என்று எழுதும் பழைய பழக்கம் ஒன்று இணையத்தில் எங்கும் கிடக்கிறது. யாங்க்டன்கள் தங்களை டகோட்டா என்றுதான் சொல்கிறார்கள். நகோட்டா, நகோடா என்பது அசினிபோயின், ஸ்டோனி மக்களின் பெயர்.

2. ஒரே ஒரு மொழியைத் தேர்ந்தெடுங்கள்

எனக்குத் தனிப்பட்ட முறையில் எல்லா மொழியும் பிடிக்கும். ஆனால் புதிதாக வருபவருக்குச் சொல்லும் பதில் பெரும்பாலும் லகோட்டாதான். காரணம் எளிது, கேட்கவும் படிக்கவும் பொருள் அதிகம் கிடைக்கிறது. பெரிய அகராதி, ஒலிப்பதிவுகள், பாடநூல்கள், கைப்பேசிச் செயலி, 2011-இல் லகோட்டாவில் குரல் கொடுக்கப்பட்ட சிறுவர் கார்ட்டூன் தொடர் வரைக்கும் இருக்கின்றன. பேசுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பெரும்பாலும் மூத்தவர்கள். ஸ்டாண்டிங் ராக் என்ற பழங்குடி ஒதுக்கீட்டுப் பகுதியில் உள்ள சிட்டிங் புல் கல்லூரியில் 2012-இல் முழுக்க லகோட்டாவிலேயே நடக்கும் ஒரு மழலையர் பள்ளி தொடங்கினார்கள். மின்னசோட்டாப் பக்கம் ஆர்வம் இருந்தால் டகோட்டா எடுக்கலாம், மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலமாகக் கற்பிக்கிறார்கள்.

கொஞ்சம் வேறு மாதிரி வேண்டும் என்பவர்களுக்குக் குரோ. இந்தக் குடும்பத்தில் இன்றும் நன்றாகப் பேசப்படும் மொழிகளில் அது ஒன்று, ஸ்டோனியும் அப்படித்தான். லிட்டில் பிக் ஹார்ன் கல்லூரி குரோ மக்களுடையது, மொழியைப் பாடமாக வைத்திருக்கிறது. எழுத்து முறையில் ஆர்வம் உள்ளவர்கள் ஓசேஜைப் பாருங்கள். அதை விட்டுவிட மனம் வராது, பின்னால் தனியாகவே எழுதியிருக்கிறேன்.

பேசுபவர் யாரும் இல்லாத மொழியை முதல் மொழியாக எடுக்காதீர்கள். பிலக்ஸி, ஓஃபோ, டுட்டெலோ எல்லாம் ஆவணங்களில் மட்டுமே கிடைப்பவை. உறவு மொழி ஒன்று காதில் பழகிய பிறகு அவற்றைத் திறந்தால் காகிதத்தில் இருப்பது ஒலியாகக் கேட்க ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் திறந்தால் வெறும் சொல்பட்டியல்தான்.

3. இலக்கணத்துக்கு முன்னால் காது

லகோட்டாவையே உதாரணமாக வைத்துப் பேசுகிறேன். தமிழில் நாம் ஒரு 'ப' வைத்துக்கொண்டு இடத்துக்கேற்ப இரண்டு விதமாக ஒலிக்கிறோம். லகோட்டாவில் மூச்சு கலக்காத ப, மூச்சோடு வரும் ப, மூச்சு தொண்டையை உரசிக்கொண்டு வரும் ப, தொண்டையை ஒரு கணம் அடைத்துப் பட்டென்று வெடிக்கும் ப என்று கேட்டுப் பிரிக்க வேண்டும். த, க இரண்டும் இப்படியே. அந்த வெடிக்கும் ஒலி நம் காதுக்குப் புதிது, நாக்குக்கு அதைவிடப் புதிது. முதல் சில வாரங்களை இதற்கே கொடுங்கள். மூக்கொலி உயிர்கள் மூன்று இருக்கின்றன, அவை நமக்குக் கடினமல்ல. 'அவன்' என்பதைப் பேச்சில் முடிக்கும்போது கடைசி ஒலி மூக்கில் போகிறதே, அந்த இடத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

சொல்லின் அழுத்தம் பெரும்பாலும் இரண்டாவது அசையில் விழும். நாம் முதல் அசையில் அழுத்துவோம். இதை ஆரம்பத்திலேயே திருத்திக்கொள்ளாவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு.

குரோவை எடுத்தவர்களுக்கு வேறு வகை வேலை. அங்கே ம, ப, வ மூன்றும் அடிப்படையில் ஒரே ஒலியின் வேறு வேறு முகங்கள், சொல்லின் தொடக்கத்தில் ஒன்று, உயிர்களுக்கு நடுவில் ஒன்று. ந, ட, ல மூன்றும் அதே கதை. நம் எழுத்து முறையே இப்படிப்பட்டது என்பதால் தமிழ் வாசகருக்கு இது ஆங்கிலேயரைவிடச் சீக்கிரம் பிடிபடும்.

எழுத்துக்கூட்டலில் குழப்பம் வரும். லகோட்டாவுக்கு ஒரே எழுத்து முறை இல்லை. மிஷனரிகள் உருவாக்கியது ஒன்று, ஜெசூட் பாதிரியார் யூஜின் பூக்கெல் பயன்படுத்தியது ஒன்று, ரோஸ்பட்டில் சின்டே கிளெஸ்கா பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஆல்பர்ட் ஒயிட் ஹாட் வடிவமைத்தது ஒன்று, 2008-இல் வந்த புதிய அகராதி பின்பற்றுவது ஒன்று. ஒரே சொல்லை நான்கு வடிவத்தில் பார்த்தால் பயப்படாதீர்கள். எது சரி என்ற சண்டைக்குள்ளும் போகாதீர்கள், அது அந்தந்தச் சமூகத்தின் முடிவு. உங்கள் பாடப் பொருள் எதில் இருக்கிறதோ அதில் உறுதியாக நின்று, மற்றவற்றைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வைத்துக்கொண்டால் போதும்.

4. இலக்கணத்தில் எதை முதலில் பிடிப்பது

தமிழ் பேசுபவருக்கு நல்ல செய்தி: வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் வரும் இடைச்சொற்கள் இங்கே நம் வேற்றுமை உருபு போல, சொல்லுருபு போல, பெயருக்குப் பின்னால் வரும். ஆங்கிலம் வழியாகவே எல்லாப் பாடமும் எழுதப்பட்டிருப்பதால், பாடநூல் மூன்று பக்கம் விளக்குவதை நீங்கள் ஒரு வரியில் கடந்துவிடலாம். நாம் என்றும் நாங்கள் என்றும் பிரிப்பதைப் போல லகோட்டாவிலும் ஒரு பிரிவு உண்டு. ஆனால் அது நம்முடையது போலவே இருக்காது. 'நீயும் நானும், நாம் இருவர் மட்டும்' என்பதற்குத் தனி வடிவம், அதைத் தாண்டினால் பன்மை ஈறு சேர்ந்துவிடும், கேட்பவரை உள்ளடக்கியதா இல்லையா என்ற வேறுபாடு அந்தப் பன்மையில் காட்டப்படாது.

சரி, உண்மையிலேயே புதிதான விஷயத்துக்கு வருவோம். லகோட்டாவில் 'நான்' என்பதற்கு வினையோடு ஒட்டும் வடிவங்கள் இரண்டு. நானாகச் செய்தால் 'வ', எனக்கு நேர்ந்தால் அல்லது நான் ஒரு நிலையில் இருந்தால் 'ம'. வச்சீ என்றால் ஆடுகிறார், வவாச்சி என்றால் நான் ஆடுகிறேன். மஹன்ஸ்கே என்றால் நான் உயரம். இன்னொருவர் என்னை ஏதாவது செய்தாலும் அதே 'ம' தான் வரும். நாம் 'எனக்குப் பசிக்கிறது' என்றும் 'நான் சாப்பிடுகிறேன்' என்றும் பிரித்துச் சொல்வதால் இந்த எண்ணம் நமக்கு அந்நியமாக இருக்காது. ஆனால் எந்த வினை எந்தப் பக்கம் என்பதைப் பொருளை வைத்து ஊகிக்க முயன்றால் அடிக்கடி தவறிவிடும், ஒவ்வொரு வினையையும் அதன் 'நான்' வடிவத்தோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். சில சமயம் இந்த ஒட்டு சொல்லின் நடுவே போய் உட்காரும். 'நான் லகோட்டா' என்பதற்கு லமாகோட்டா. சொல்லைப் பிளந்துகொண்டு உள்ளே ஒரு 'நான்'.

அடுத்தது கருவி முன்னொட்டுகள். இந்த மொழிகளில் நான் மிகவும் நேசிக்கும் பகுதி இது. 'க்ஸா' என்ற அடியை எடுத்துக்கொள்ளுங்கள், ஏதோ ஒன்று துண்டாகிறது என்ற அளவுதான் அதன் பொருள். கையால் துண்டாக்கினால் யுக்ஸா. வாயால் கடித்துத் துண்டாக்கினால் யக்ஸா. காலால் என்றால் நக்ஸா. ஓங்கி அடித்து, கோடரியால் வெட்டுவது போல என்றால் கக்ஸா. கத்தியால் அறுத்தால் வக்ஸா. இந்த முன்னொட்டுகளைக் கற்றுவிட்டால் அகராதியில் ஒரு அடியைப் பார்க்கும்போதே ஆறேழு சொற்கள் கைக்கு வந்துவிடும். 'ய' வாய் என்பதால் பேச்சு தொடர்பான சொற்களிலும் அது வந்து நிற்கும், கேலி பேசுவது, புகழ்வது எல்லாம். இதே அமைப்பு ஒமாஹாவிலும் ஓசேஜிலும் குரோவிலும் வேறு ஒலியில் இருக்கிறது, எனவே இங்கே செலவிடும் நேரம் அடுத்த மொழிக்கும் உதவும்.

ஒலியே பொருளின் அளவைக் காட்டும் ஒரு வழக்கமும் உண்டு. மஞ்சள் நிறத்துக்கான சொல்லின் முதல் ஒலி நுனிநாக்கில் பிறக்கிறது. அதைச் சற்றுப் பின்னால் நகர்த்தினால் மங்கிய பழுப்பு மஞ்சள், இன்னும் தொண்டைப் பக்கம் தள்ளினால் பழுப்பு. ஒன்றுதான் அடி, மூன்று தரம்.

இன்னொன்றை ஆரம்பத்திலேயே கவனிக்க வேண்டும். பேசுபவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து வாக்கியத்தின் கடைசியில் வரும் சொல் மாறும். ஆண் உறுதியாக ஒன்றைச் சொன்னால் யெலோ, பெண் சொன்னால் க்ஷ்தோ. பாட்டி ஒருவரின் ஒலிப்பதிவிலிருந்து அப்படியே படித்த இளைஞன் பாட்டியைப் போலப் பேசுவான், அதனால் நீங்கள் யாருடைய குரலிலிருந்து கற்கிறீர்கள் என்று பாருங்கள்.

5. உறவுமுறைச் சொற்களைத் தள்ளிப்போடாதீர்கள்

பாடநூல்களில் இது பின்னால் எங்கோ ஒரு அட்டவணையாக இருக்கும். நான் இதை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்கிறேன், ஏனென்றால் லகோட்டாப் பேச்சில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைவிட உறவு சொல்லிக் கூப்பிடுவதே மரபு, நமக்கு அது விளக்கமே தேவைப்படாத விஷயம்.

அப்பாவுக்கு அத்தே, அப்பாவின் சகோதரருக்கும் அத்தே. அம்மாவுக்கு இனா, அம்மாவின் சகோதரிக்கும் இனா. ஆனால் அம்மாவின் சகோதரர் லெக்ஷி, அப்பாவின் சகோதரி துன்வின். பெரியப்பா, சித்தப்பா ஒரு பக்கம், மாமா வேறு பக்கம். பெரியம்மா, சித்தி ஒரு பக்கம், அத்தை வேறு பக்கம். அண்ணனுக்கான சொல்லோ கூப்பிடுபவரைப் பொறுத்தது: தம்பி கூப்பிட்டால் சியே, தங்கை கூப்பிட்டால் திப்லோ. அக்காவும் அப்படியே, தம்பிக்குத் தன்கே, தங்கைக்குச் சுவே.

தமிழோடு உள்ள இந்த ஒற்றுமையை முதலில் நாம் கவனிக்கவில்லை, லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க அறிஞர் கவனித்தார். செனெக்கா இரோகுவா மக்களின் உறவுமுறையைப் பதிவு செய்துவிட்டு, தென்னிந்திய மிஷனரிகள் வழியாகத் தமிழ் உறவுமுறைகளையும் வரவழைத்துப் பார்த்து வியந்துபோனார். 1871-இல் ஸ்மித்சோனியன் வெளியிட்ட அவருடைய பெரிய அட்டவணைகளில் தமிழும் இருக்கிறது, டகோட்டாவும் இருக்கிறது. இதை வைத்து அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து கொண்டுவந்த வழக்கம் இது என்று அவர் முடிவு கட்டினார், அந்த முடிவை இன்று யாரும் ஏற்பதில்லை. வேறுபாடும் முக்கியம்: நம்மிடம் மாமன் மகளும் அத்தை மகளும் முறைப்பெண்கள், லகோட்டாவில் அத்தை, மாமன் பிள்ளைகளுக்குத் தனிச்சொல் இருந்தாலும் அவர்களை மணப்பதில்லை.

குடும்பத்துக்குள் எல்லோரும் இப்படி இல்லை. மானிடவியலில் உலகம் முழுவதும் பயன்படும் உறவுமுறை வகைகளில் இரண்டுக்குக் குரோ வகை, ஒமாஹா வகை என்று பெயர், இரண்டுமே இந்தக் குடும்பத்து மக்கள். ஒமாஹாவில் தந்தைவழி, அங்கே தாய்மாமனின் மகனையும் தாய்மாமன் என்றே கூப்பிடுவார்கள். குரோவில் தாய்வழி, அங்கே அத்தையின் மகள் உங்களுக்கு அத்தைதான்.

6. இப்போது பக்கத்து மொழிக்குப் போங்கள்

ஒரு மொழியில் சில நூறு சொற்கள் உட்கார்ந்த பிறகு உறவு மொழியைத் திறந்தால் கிடைக்கும் மகிழ்ச்சியே தனி. நண்பன் என்பதற்கு லகோட்டாவில் கோலா, டகோட்டாவில் கோடா, அசினிபோயினில் கோனா. ல, ட, ந: மொழிகளின் பெயரிலேயே இருக்கும் அதே மாற்றம். நான்கு என்பதற்கு லகோட்டாவில் தோப்பா, ஒமாஹாவில் டூபா, ஹோ-சங்கில் ஜோப், குரோவில் ஷோப்பே. தனியாகப் பார்த்தால் ஷோப்பே எங்கே, தோப்பா எங்கே என்று தோன்றும். ஆனால் லகோட்டாவின் 'த' வரும் மற்ற பல சொற்களிலும் குரோ 'ஷ' காட்டுகிறது என்று நீங்களே கண்டுபிடிக்கும்போதுதான் மொழிக்குடும்பம் என்றால் என்ன என்பது புரியும்.

தண்ணீருக்கு லகோட்டாவில் ம்னி, ஒமாஹாவிலும் ஓசேஜிலும் நீ. மின்னசோட்டாவின் தொடக்கமும் நெப்ராஸ்காவின் தொடக்கமும் இதுவே. 'நீ' என்றதும் நம் ஆட்கள் சிலருக்கு 'நீர்' நினைவுக்கு வந்து கை பரபரக்கும். தயவுசெய்து நிறுத்துங்கள். பழைய வடிவத்தில் முன்னால் ஒரு 'ம' இருந்திருக்கிறது, டுட்டெலோவின் மனி, ஹிடாட்சாவின் மிரி எல்லாம் அதைத்தான் காட்டுகின்றன. ஒரு சொல் ஒத்துப்போவது எந்த இரண்டு மொழிக்கு நடுவிலும் நடக்கும். உறவு என்பது நான்கு, தண்ணீர், நண்பன் என்று ஒவ்வொன்றிலும் ஒரே விதி திரும்பத் திரும்பப் பலிப்பதில் இருக்கிறது. இரோகுவா, கேடோ மொழிகளோடு சூவனை இணைக்கும் முயற்சிகள்கூட இன்னும் நிரூபிக்கப்படாமல்தான் நிற்கின்றன, அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

இந்த ஒப்பீட்டைச் செய்ய ஒப்பியல் சூவன் அகராதி இணையத்தில் இலவசமாக இருக்கிறது. 1984-இல் கொலராடோவின் போல்டரில் கூடிய அறிஞர்கள் தொடங்கி, பல ஆண்டு உழைத்து, 2015-இல் இணையத்துக்கு வந்த வேலை. ராபர்ட் ராங்கினும் டேவிட் ரூடும் அதில் முக்கியமானவர்கள். ஒரு சொல்லைத் தேடினால் குடும்பம் முழுக்க அது என்ன ஆனது என்று காட்டும். பொழுது போவதே தெரியாது.

7. பதிவுகள் எப்படி வந்தன என்று தெரிந்துகொள்ளுங்கள்

நீங்கள் புரட்டும் ஒவ்வொரு அகராதிக்குப் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது, அதைத் தெரியாமல் அகராதியை மட்டும் எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

1834-இல் மின்னசோட்டாவுக்கு வந்த மிஷனரிகளான பாண்ட் சகோதரர்கள் டகோட்டாவுக்கு எழுத்து வகுத்தார்கள். 1852-இல் ஸ்டீஃபன் ரிக்ஸின் இலக்கணமும் அகராதியும் அச்சாயின. பத்து ஆண்டு கழித்து அமெரிக்க அரசுக்கும் டகோட்டா மக்களுக்கும் போர். 1862 டிசம்பர் 26 அன்று மேன்கேட்டோவில் 38 டகோட்டா ஆண்களை ஒரே நேரத்தில் தூக்கிலிட்டார்கள். மீதிக் கைதிகளை அயோவாவின் டாவன்போர்ட் அருகே கொண்டுபோய் 1866 வரை வைத்திருந்தார்கள். அந்தச் சிறைகளில் இருந்தவர்கள் தங்கள் மொழியில் எழுதப் படிக்கக் கற்று, குடும்பத்தைப் பற்றிக் கேட்டும் விடுதலை கேட்டும் கடிதங்கள் எழுதினார்கள். அவற்றில் ஐம்பது கடிதங்கள் டகோட்டா மக்களாலேயே மொழிபெயர்க்கப்பட்டு 2013-இல் நூலாக வந்தன. டகோட்டா கற்பவர்கள் அவற்றைப் படிக்கும் நிலைக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. 1871-லிருந்து 1939 வரை டகோட்டாவில் ஒரு செய்தித்தாளே நடந்திருக்கிறது.

மறுபக்கம், 1879-இல் பென்சில்வேனியாவில் தொடங்கிய கார்லைல் விடுதிப் பள்ளி. அதன் முதல் மாணவர்கள் ரோஸ்பட், பைன் ரிட்ஜ் பகுதிகளிலிருந்து ரயிலேற்றப்பட்ட லகோட்டாப் பிள்ளைகள். 1887-இல் அரசு பள்ளிகளில் பழங்குடி மொழிகளையே தடை செய்து உத்தரவு போட்டது, டகோட்டாவில் கற்பித்த மிஷன் பள்ளிகளும் தப்பவில்லை. பேச்சு ஏன் மூத்தவர்களோடு நிற்கிறது என்ற கேள்விக்குப் பெரும்பகுதி விடை இந்தப் பள்ளிகளில் இருக்கிறது. மாண்டன் மக்களோ அதற்கு முன்பே 1837-இன் பெரியம்மையில் நூற்றைம்பதுக்கும் குறைவானவர்களாகச் சுருங்கிவிட்டார்கள். பிறகு 1950-களில் கேரிசன் அணை ஃபோர்ட் பெர்தோல்டின் ஆற்றங்கரை ஊர்களை மூழ்கடித்தது. சேர்ந்து வாழ்ந்து சேர்ந்து பேசியவர்கள் மேட்டு நிலங்களில் சிதறினார்கள். மாண்டனைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் எட்வின் பென்சன் 2016-இல் மறைந்தார்.

இந்த வரலாற்றில் ஒருவரை மட்டும் தெரிந்துகொள்ள நேரமிருந்தால் எலா டெலோரியாவைத் தெரிந்துகொள்ளுங்கள். 1889-இல் பிறந்த யாங்க்டன் டகோட்டாப் பெண், ஸ்டாண்டிங் ராக்கில் வளர்ந்தவர், டகோட்டா, லகோட்டாக் கிளைமொழிகளில் பழக்கம் உள்ளவர். மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸோடு சேர்ந்து அவர் எழுதிய டகோட்டா இலக்கணம் 1941-இல் வந்தது, இன்றும் அதைப் புரட்டாமல் யாரும் ஆய்வு செய்வதில்லை. ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, முறைப்படி அன்பளிப்பு கொடுத்து, உறவாகப் பழகிக் கதைகளைத் திரட்டினார். சொந்தமாக இலக்கணம் எழுதும் திறமை இருந்தும் அவருக்கு நிரந்தரமான பல்கலைக்கழக வேலை கிடைத்ததே இல்லை. ஒமாஹாக்காரரான ஃபிரான்சிஸ் லா ஃபிளெஷும் அப்படித்தான் முக்கியமானவர், 1932-இல் வந்த ஓசேஜ் அகராதி அவருடையது.

ஓசேஜைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். தாய்மொழியாகப் பேசிய தலைமுறை 2005-ஓடு முடிந்துவிட்டது. ஆனால் அடுத்த ஆண்டே, 2006-இல், ஹெர்மன் மோங்ரெய்ன் லுக்அவுட் ஓசேஜுக்கென்று தனி எழுத்துகளை உருவாக்கினார். ஆங்கில எழுத்தில் எழுதினால் பிள்ளைகள் ஆங்கிலம் போலவே படித்துவிடுகிறார்கள், அதைத் தடுக்கத்தான் தனி எழுத்து. 2016-இல் யூனிகோடிலும் அது இடம்பெற்றுவிட்டது, இப்போது கைப்பேசியிலேயே தட்டலாம். உங்கள் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ வரிசையின் ஓசேஜ் எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள். கான்சாவும் இதே போல மீண்டுவர முயல்கிறது. 1970-களில் ராங்கின் கடைசித் தலைமுறைப் பேச்சாளர்களோடு உட்கார்ந்து செய்த பதிவுகளைக் கொண்டுதான் கான்சா மக்களின் பழங்குடி அரசான கா நேஷன் இன்று பாடம் நடத்துகிறது.

8. கேட்டு எடுங்கள்

இணையத்தில் கிடைக்கிறது என்பதால் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. 2022-இல் ஸ்டாண்டிங் ராக் பழங்குடி மன்றம், லகோட்டாப் பாடநூல்களைத் தயாரித்த ஒரு வெளி அமைப்பைத் தங்கள் நிலத்திலிருந்து விலக்கி வைக்கத் தீர்மானித்தது. பெரியவர்கள் கொடுத்த பதிவுகளின் உரிமை யாருக்கு என்பதே சண்டையின் மையம். அந்தப் பெரியவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டியின் குரலைக் கேட்கக் காசு கொடுக்கவோ அனுமதி கேட்கவோ வேண்டுமா என்ற கேள்வி எனக்கு மிக நியாயமாகப் படுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது சில விஷயங்கள்தான். சடங்கு, வழிபாடு தொடர்பான பாடல்களையும் வேண்டுதல்களையும் பழைய ஆவணங்களில் பார்த்தால் எடுத்துப் பகிராதீர்கள், பச்சை குத்திக்கொள்ள வாசகம் தேடாதீர்கள். பதிவுகளை வேறெங்கும் ஏற்றுவதற்கு முன் அந்தப் பழங்குடி அரசின் மொழித்துறைக்கு எழுதிக் கேளுங்கள். ஆய்வு செய்வதாக இருந்தால் பல அரசுகளுக்குச் சொந்த அனுமதிக் குழுக்கள் உண்டு, பல்கலைக்கழக அனுமதி மட்டும் போதாது. முடிந்தால் பழங்குடிக் கல்லூரிகள் நடத்தும் இணைய வகுப்பில் கட்டணம் கட்டிச் சேருங்கள், அந்தப் பணம் போக வேண்டிய இடத்துக்குப் போகும். ஏதாவது அகராதி, சொல்பட்டியல் உருவாக்கினால் முதல் பிரதி அவர்களுக்கு.

9. இன்னும் உள்ளே போக நினைப்பவர்களுக்கு

கிழக்கு வேர் பற்றிய தடயம் என்றேனே, அது இதுதான். 1870-இல் மொழி ஆய்வாளர் ஹொரேஷியோ ஹேல் கனடாவின் ஒன்டாரியோவில், இரோகுவா மக்களோடு வாழ்ந்த நிகோன்ஹா என்ற மிக வயதான டுட்டெலோ மனிதரைச் சந்தித்தார். வர்ஜீனியாப் பக்கத்திலிருந்து வந்த மக்கள் அவர்கள். அவர் சொன்ன சொற்களை எழுதியபோது அது மேற்கே டகோட்டாவின் உறவு என்று தெரிந்தது. 1886-இல் ஆல்பர்ட் காச்செட் லூயிசியானாவில் பிலக்ஸி மக்களிடம் கேட்டதும் அதே குடும்பம். 1908-இல் ஜான் ஸ்வான்டன் அங்கேயே ரோசா பியரெட் என்ற பெண்ணிடமிருந்து ஓஃபோ சொற்களைப் பதிந்தார். 'ஃப' ஒலி இருப்பதால் வேறு குடும்பம் என்று எல்லோரும் நினைத்திருந்த மொழி அது. இவற்றுக்கெல்லாம் தூரத்து உறவாகக் கரோலினாவில் கட்டாபா. அதன் சகோதரியான வொக்கானைப் பற்றி நம்மிடம் இருப்பது 1709-இல் ஜான் லாசன் அச்சிட்ட சுமார் 140 சொற்கள் மட்டும். மேற்கே பரந்து கிடக்கும் குடும்பத்தின் மிகப் பழைய பிரிவுகள் கிழக்கே கிடப்பதால்தான் வேர் அந்தப் பக்கம் என்கிறார்கள்.

இந்தக் கையெழுத்துப் பிரதிகளில் பலவும் ஸ்மித்சோனியனின் தேசிய மானிடவியல் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன, மிஷனரியாகப் போய் ஆய்வாளரான ஜேம்ஸ் ஓவன் டோர்சி எழுதிக் குவித்த ஒமாஹா, பொன்காக் குறிப்புகளும் அங்கேதான், கணிசமானவை இணையத்தில் படமாகவே கிடைக்கும். டெலோரியாவின் தாள்களும் கட்டாபா பற்றிய ஃபிராங்க் சீபர்ட்டின் தாள்களும் பிலடெல்ஃபியாவின் அமெரிக்க தத்துவக் கழகத்தில். சூவன், கேடோ மொழி ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் கூடும் மாநாட்டுக்குப் பேராசிரியர்களோடு பழங்குடி மொழி ஆசிரியர்களும் வருவார்கள், மாணவர்கள் தயங்காமல் போகலாம். போவதற்கு முன் டோர்சியின் ஒரு பக்கத்தையாவது இன்றைய எழுத்து முறைக்கு நீங்களே மாற்றிப் பாருங்கள், அவர் தலைகீழாகத் திருப்பி அச்சிட்ட எழுத்துகள் எந்த ஒலியைக் குறிக்கின்றன என்று கண்டுபிடிக்கவே ஒரு மாலைப்பொழுது ஆகிவிடும்.